நாலு ஸ்க்ரூ

மிக்ஸித் தொழிற்சாலையில் சின்னவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘நாலு ஸ்க்ரூ’. தலையில் கழன்ற ஸ்க்ரூ அல்ல, மிக்ஸியிலிருந்து அவளே கழற்றிப் போட்டது. அடித்தட்டை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்குவதற்குப் பதில், விளிம்பைச் சூட்டில் உருக்கி ஒரேயடியாக ஒட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். ஒரு மிக்ஸிக்கு நாற்பது வினாடி மிச்சம். மேலாளர் அவளை மேடையேற்றி ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார். பழுதானால் இதை எப்படித் திறப்பது என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. கைதட்டல் காதை அடைத்துக்கொண்டிருக்கும்போது என்ன தோன்றும்?

கடிகாரத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளை இன்ஜினியருக்குப் படிக்க வைத்து ஆளாக்கியது அக்காதான். அக்கா அதைச் சமையலறையில், மிக்ஸிக்கு நேர் மேலே மாட்டினாள். அந்த மிக்ஸியும் தங்கையின் தொழிற்சாலையில் செய்ததுதான். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது அக்காவின் பிழைப்பு. தினமும் நாற்பது டப்பா. தெருவில் யார் மிக்ஸி வாங்கக் கிளம்பினாலும் வழிமறித்து, "என் தங்கச்சி பண்ணது இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்பாள். அவள் பேச்சை நம்பிப் பதினோரு வீட்டில் வாங்கியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அக்கா போனில் அலறினாள். "மிக்ஸி நின்னு போச்சுடி! லீவு சொல்லிட்டு ஓடி வா."

சின்னவள் போய்ச் சேர்ந்தபோது மிக்ஸி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. ஜாடியில் தக்காளி பாதி அரைபட்டு நின்றிருந்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை, வாயில் வசவு.

"தெருமுனை ரிப்பேர்காரர் வந்தாரு. இப்படித் திருப்பிப் பாக்குறாரு, அப்படித் திருப்பிப் பாக்குறாரு, ஸ்க்ரூ ஒண்ணுகூடக் காணோம். உடைச்சாத்தான் திறக்கும், உடைஞ்சா நான் பொறுப்பில்லன்னுட்டுப் போயிட்டாரு. கம்பெனிக்குப் போன் போட்டா, வாரன்டி முடிஞ்சுடுச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்கன்னு ஒருத்தி பாட்டு பாடுற மாதிரி சொல்றா. மூணு வருஷம்கூட முழுசா ஆகல! இத இப்படி ஒட்டி வச்சான் பாரு ஒருத்தன், அவன் கை விளங்குமா?"

சின்னவள் தன் கையைப் பார்த்தாள். பார்ப்பதை அக்கா கவனித்துவிடப் போகிறாளே என்று அவசரமாக ஒரு பழைய கத்தியை எடுத்து அடுப்பில் காட்டினாள்.

சுட்ட கத்தியை விளிம்பில் விட்டு இழுத்தாள். பிளாஸ்டிக் கருகி நாறியது. முக்கால் சுற்று வந்ததும் அடித்தட்டு படக்கென்று குறுக்கே பிளந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஒட்டியிருந்தார்கள். உள்ளே மோட்டார் பளபளவென்று இருந்தது. கம்பிச் சுருளில் கரி பிடிக்கவில்லை, பேரிங் ஆடவில்லை. தேய்ந்திருந்தது ஒரே ஒரு கார்பன் பிரஷ். மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத கரித்துண்டு. எந்த மிக்ஸியிலும் தேயும், எந்தக் கடையிலும் கிடைக்கும், மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அக்கா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "இதுக்கா மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொன்னாங்க? யாருடி இத ஒட்டச் சொன்னது?"

மேலாளர் என்று சொல்லியிருக்கலாம், கம்பெனி என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான். ஆனால் சின்ன வயதிலிருந்தே அக்காவிடம் அவள் பொய் எடுபட்டதில்லை.

"நான்தான்க்கா. அதுக்குத்தான் அந்தக் கடிகாரம் குடுத்தாங்க."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா கத்தவில்லை, சுவரை நிமிர்ந்து பார்த்தாள். மணி எட்டு ஆகப் போகிறது.

"நாப்பது டப்பா போகணும். பக்கத்து வீட்டுல மிக்ஸி இரவல் வாங்கிட்டு வா."

பக்கத்து வீட்டில் இருந்ததும் அதே மிக்ஸி. "தாராளமா எடுத்துட்டுப் போ. உங்கக்கா சொல்லித்தானே வாங்கினேன், குதிரை மாதிரி ஓடுது" என்று பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தாள். சின்னவளுக்குக் கையில் இருந்த மிக்ஸியைவிட அந்தப் பேச்சுதான் கனத்தது.

டப்பாக்கள் போன பிறகு ரிப்பேர்காரரிடமிருந்து கார்பன் பிரஷ்ஷும் துளைபோடும் மெஷினும் வாங்கி வந்தாள். பிரஷ்ஷை மாட்டினாள். பிளந்த தட்டுக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்றை அளவெடுத்து வெட்டி, காற்றுக்கு வழிவிட்டு, நாலு மூலையிலும் துளை போட்டு, நாலு ஸ்க்ரூவை முடுக்கினாள். சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமியது.

அக்கா ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்ததும் சின்னவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அக்கா அதன் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"பாரு, இதுல ஒரே ஒரு ஸ்க்ரூ. ரெண்டு தடவ நின்னு போச்சு, நானே திறந்து தூசி தட்டி ஓட விட்டேன். நான் என்ன உன்ன மாதிரி படிச்சவளா?"

அக்கா கடிகாரத்தைப் பழையபடி மாட்டிவிட்டு இறங்கினாள்.

"இது இங்கயே இருக்கட்டும், எனக்கு மணி பாக்கணும். ஆனா பதினோரு வீட்டுக்கு வாக்கு குடுத்தது என் வாய். எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு நான் போவேன்? நீதான் போகணும்."

மறுநாள் சனிக்கிழமை காலை சின்னவள் மேலாளருக்குப் போன் செய்து, புது மாடல் வரைபடத்தில் ஸ்க்ரூவைத் திரும்பச் சேர்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், திங்கட்கிழமை வாங்க பேசலாம் என்றார். அதுவரைக்கும் காத்திருக்க அவளால் முடியவில்லை. துளைபோடும் மெஷினும் நாற்பத்துநாலு ஸ்க்ரூவும் வெட்டித் தயாராக்கிய தட்டுகளும் பையில் இருந்தன.

பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுளித்தாள். "நல்லா ஓடுறத எதுக்கும்மா கிண்டணும்?"

"ஓடுற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்க்கா. நின்னுட்டா யாராலும் திறக்க முடியாது. அப்படி ஒட்டினது நான்தான்."

அவள் சின்னவளை மேலும் கீழும் பார்த்தாள். "இது உங்கக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் அனுப்பினா."

பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போய் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.