தைலம்மாவின் முதல் ஓட்டு

எண்பத்தாறாம் வருஷத் தேர்தல் நாள். இத்தனை காலமும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு, ஓட்டுப் போட லோரி ஏறுகிறவர்களுக்கு தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று கையசைத்தே பழகியவள் தைலம்மா. குடியுரிமைக்கான நீலக் கார்டு போன மாதம்தான் கைக்கு வந்தது. இன்று லோரியில் முதல் ஆளாக ஏறிவிட்டாள்.

ஓட்டுச்சாவடியாக இருந்த ஈஜோக் பள்ளிக்கூட வாசலில், கட்சிக் கொட்டகையில் இருந்த இளைஞன் பட்டியலை இரண்டு தரம் புரட்டினான்.

"பேரு இல்லியேக்கா. பதிஞ்சீங்களா?"

"எதப் பதியறது? இந்தா பாரு, நீலக் கார்டு!"

"கார்டு வேற, ஓட்டு வேறலா. ஓட்டுக்குத் தனியாப் பேரு பதியணும். இனிமே அடுத்த தேர்தலுக்குத்தான்."

"அதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகுமே, தம்பி."

அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். கூட வந்தவர்கள் எல்லோரும் உள்ளே வரிசையில் நின்றார்கள். தைலம்மா காலி லோரியில் ஏறி, ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக் கலாவதி சிரித்துக்கொண்டே வந்து ஏறினாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியாக்கா? கெட்டிக்காரிதான் போ! யாருக்குப் போட்ட?"

தைலம்மா முகத்தைச் செம்பனை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது, கலா."