தையல்காரனின் முகம்

ஆள் முகம் வரைந்தே வயிறு வளர்த்தவன் நான். வலது கண் போன வருடமே கைவிட்டுவிட்டது. இடது கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது, அவர் படித்த லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு முகத்தை ஒழுங்காக வரைந்துவிட்டால் அவர் சொன்னது பொய். வராவிட்டால் தூரிகைகளைக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாட்டியவன் என் நண்பன். என் மாடி அறைக்குக் கீழேதான் அவனுடைய தையல் கடை. ஊரில் உள்ளவர்களின் இடுப்பளவெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார மட்டும் தெரியாது. ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது, காஜா எடுக்கிற வேலை கிடக்கிறது என்று தினமும் மூக்கால் அழுதான்.

அவன் காதுகள் தெரிந்தன. சட்டைக் காலர், தோளில் தொங்கும் அளவு நாடா எல்லாம் தெரிந்தன. முகத்தை நேராகப் பார்த்தால்தான் ஈரக் கையால் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஸ்டூலை நகர்த்தினேன். பிறகு ஜன்னலைத் திட்டினேன். ஆனாலும் கை நிற்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்த முகம்தானே. அந்தக் கோணல் மூக்கும் அடர்ந்த மீசையும் தாமாகவே வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு நாளும் அவன் எழுந்து வந்து பார்த்துவிட்டு, அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருப்பதாகச் சொல்வான். எனக்குத் தலைகால் புரியாது.

கடைசி நாள், கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்ல அவன் மனைவி மேலே வந்தாள். படத்தின் முன்னால் நின்று, நன்றாக இருக்கிறது என்றாள்.

"ஆனா மீசை எதுக்குண்ணே? சாயம் ஒத்துக்கலன்னு அதை எடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே."

நான் அவன் பக்கம் திரும்பினேன். எனக்கு மீசை இருப்பது போலத்தான் இருந்தது. கிட்டே போய் அவன் மேலுதட்டில் விரலை வைத்தேன். வழவழவென்றிருந்தது. மீசை வரைந்த அன்றே அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளில் முதல்முறையாக அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மீசைதானேடா," என்றான். "கொஞ்ச நாள் குடு, வளர்த்துடறேன்."

அவன் முகம் இருந்த இடத்தைப் பார்த்து, சரி என்றேன்.