டிக்கி திறந்த விதம்

என் அண்ணன் டாக்ஸி ஓட்டுகிறான். டாக்ஸி ஸ்டாண்டு சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். போலீஸ் வண்டியை நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று உள்ளங்கை அளவுக்கு ஒரு அட்டை அச்சடித்து எல்லா டிரைவர்களுக்கும் கொடுத்தவன். லைசென்ஸ் கேட்டால் காட்டு. வண்டியைச் சோதிக்கட்டுமா என்று கேட்டால் 'எனக்குச் சம்மதமில்லை' என்று மரியாதையாகச் சொல். அவர்களிடம் தகுந்த காரணம் இருந்தால் அவர்களே சோதிப்பார்கள், குறுக்கே விழாதே. அட்டையில் இருந்தது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாய் கிழியப் பேசுவான். அவன் முடித்ததும் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். நான் இப்படி மறுத்தேன், நான் அப்படி மறுத்தேன் என்று. அதில் 'ஹாரன்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவருக்குத்தான் சத்தம் அதிகம். அவர்கள் பேச்சைக் கேட்டால் போலீஸ்காரர்களைப் பார்த்து நமக்கே பாவமாக இருக்கும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் அண்ணனையே போலீஸ் நிறுத்தியது. பின் விளக்கு ஒன்று எரியவில்லை. முன் சீட்டில் என் வீட்டுக்காரர், பின் சீட்டில் நான். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். அன்றைக்கு ஒரு கட்டடத்தில் வேலை முடிந்து, மிச்சமிருந்த கேபிள் சுருளை எடுத்துக்கொள்ளச் சொல்லி காண்ட்ராக்டர் கொடுத்திருந்தார். வாயால் கொடுத்தார், தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. அது டிக்கியில் இருந்தது.

அதிகாரி என் வீட்டுக்காரரின் அழுக்குச் சட்டையைப் பார்த்தார்.

"டிக்கியில என்ன இருக்கு?"

"சார், அதுக்கும் விளக்குக்கும்..." என்று அண்ணன் ஆரம்பித்தான். அதிகாரி அவன் லைசென்ஸைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாட்டேன்னு சொல்லு பார்ப்போம். இந்த லைசென்ஸ் எப்போ திரும்பி வரும்னு எனக்கே தெரியாது."

இரண்டு சீட்டுக்கும் நடுவே எனக்கு அண்ணனின் முழங்கால் தெரிந்தது. அது நடுங்கியது. அவன் கை சீட்டுக்கு அடியில் போய் லீவரை இழுத்தது. டிக்கி திறந்த பிறகுதான் அதிகாரி தன் மார்பில் இருந்த கேமராவை ஓடவிட்டார்.

போலீஸ் விசாரணையில் காண்ட்ராக்டர் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று கையை விரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மேல் திருட்டு வழக்கு. தீர்ப்பு எதிராக வந்தால் ஜெயில், எலெக்ட்ரீஷியன் உரிமமும் போய்விடும். அதற்குப் பிறகு வயரைத் தொட்டுச் சம்பாதிக்க முடியாது. அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

அண்ணன் ஸ்டாண்டில் வேறு கதை சொன்னான். "பத்தொன்பது வருஷப் பழக்கம். பின்னாடி ஆள் நடந்தா, சாமான் எடுக்கத்தான்னு கை தானா லீவரை இழுத்துடுது." எல்லோரும் சிரித்தார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர்தான் அடக்கினார்.

"விடு. மச்சானுக்கு அங்க இருக்கிற மரியாதையைக் கெடுத்து நமக்கு என்ன ஆகப்போகுது?"

நமக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் வழக்கை எடுத்த வக்கீலம்மா சொன்னார். சின்ன அறை, மூன்று நாற்காலி, அதில் ஒன்றில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. அண்ணன் நின்றுகொண்டே பழக்கக் கதையைச் சொல்லி முடித்தான்.

"இதைக் கோர்ட்ல சொன்னா தோத்துடுவோம்" என்றார் வக்கீலம்மா. "பழக்கமோ என்னவோ, நீங்களா திறந்துட்டீங்க. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்னு அதிகாரி சொல்லுவார். மிரட்டித் திறக்க வச்சிருந்தா அது சம்மதமே இல்ல. அந்தக் கேபிளையே சாட்சியமா காட்ட முடியாது. அவர் மிரட்டினாரா?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். "பழக்கம்தான்" என்றான்.

"நான் பார்த்தேன், நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க அவர் மனைவி. உங்க பேச்சு எடுபடாது. டிரைவர் வாயால வரணும்."

படிக்கட்டில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"கோர்ட்ல ஸ்டாண்டே வந்து உக்காந்திருக்கும், தங்கச்சி."

"அவங்களை யாரு வரச் சொன்னது?"

"நான்தான்."

"வேணாம்னு சொல்லிடு."

"ஏன்னு கேப்பாங்களே."

அதற்குமேல் அவனோடு பேச எனக்குத் தெம்பில்லை. விசாரணை நாள் வரை பேசவும் இல்லை.

அன்றைக்குப் பதினொரு டிரைவர்கள் சங்கத்துச் சட்டையோடு கடைசி இரண்டு பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கூண்டில் ஏறினான்.

"டிக்கியை ஏன் திறந்தீங்க?" என்று வக்கீலம்மா கேட்டார்.

அவன் பின் பெஞ்சைப் பார்த்தான். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லுங்க, பதிவாகணும்" என்றார் நீதிபதி.

"பயந்துட்டேங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். லைசென்ஸ் பைக்குள் போனது, அதிகாரி சொன்ன வார்த்தை, தன் கால் நடுங்கியது வரைக்கும் சொன்னான். அரசு வக்கீல் சும்மா இருப்பாரா? சங்கத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இதை அச்சடிச்சது நீங்கதானே? மறுக்கலாம்னு ஊருக்கே சொல்லிக் கொடுத்தவருக்கு அது தெரியாதா?"

"தெரியும் சார். மனப்பாடமா தெரியும். நாக்கு எழும்பல."

நான்கு மாதமாக அவன்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

லைசென்ஸை எங்கே வைத்தீர்கள் என்று நீதிபதி அதிகாரியைக் கேட்டார். அவருக்கு நினைவில்லை. கேமராவை ஏன் முன்னாலேயே ஓடவிடவில்லை என்று கேட்டதற்கும் சரியான பதில் இல்லை. மதியத்துக்குமேல் நீதிபதி அந்தக் கேபிளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அது இல்லாமல் வழக்கில் வேறு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் விடுதலையானார்.

வாசலில் டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினான்.

"சங்கத்துக்கு வேற செயலாளரைப் பார்த்துக்குங்க" என்றான்.

ஹாரன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான் மூணு தடவை திறந்திருக்கேன்" என்றார், அவருக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில்.

"நான் ரெண்டு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அண்ணன் நின்றுவிட்டான். "அப்போ கூட்டத்துல சொன்னதெல்லாம்?"

"நீ அவ்வளவு பேசின பிறகு, நான் திறந்துட்டேன்னு எப்படி எந்திரிச்சு சொல்றது?" என்றார் ஹாரன்.

அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தராவது, ஒரே ஒரு தடவையாவது, மாட்டேன்னு சொல்லியிருக்கீங்களா?"

பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.