இருபத்தாறாம் நாள் வந்த விண்ணப்பம்

கனடாவின் கிழக்குக் கடற்கரையில் இருந்த ஒடெட் மாயேவின் நண்டு ஆலைக்குப் பதினைந்து ஆள் வேண்டியிருந்தது. பனி உருகி, ஏப்ரலில் படகுகள் கடலுக்குள் போய்விட்டால் நண்டு லாரி லாரியாக வந்து இறங்கும். கால் உடைத்துச் சதை எடுக்க ஆள் இல்லையென்றால் அத்தனையும் நாறிப்போகும். ஊரில் இளவட்டங்கள் எல்லாம் மாங்க்டன், டொரண்டோ என்று பெரிய நகரங்களுக்குப் பறந்துவிட்டார்கள். ஆகவே ஆறு வருஷமாக மெக்சிகோவிலிருந்து பெண்கள் வந்துதான் ஆலை ஓடுகிறது.

அவர்களைக் கூப்பிட அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் முதலில் நாலு வாரம் விளம்பரம் போட்டு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டியாக வேண்டும். ஒடெட் ஜனவரியிலேயே அரசாங்க வலைத்தளத்தில் போட்டாள், மாதா கோயில் அறிவிப்புத் தாளில் போட்டாள், மளிகைக் கடைப் பலகையிலும் ஒட்டினாள். மூன்று வாரம் ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

இருபத்தாறாம் நாள் காலையில் அலுவலகப் பெண் ஜிசேல் ஒரு காகிதத்தை நீட்டினாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் முகம் சிவந்திருந்தது.

"ஒரு ஆள் விண்ணப்பிச்சிருக்காரு மேடம்."

ஒடெட் வாங்கிப் பார்த்தாள். பெயர்: ஒரேல் சவுவா. வயது: அறுபத்திரண்டு. முன் அனுபவம்: இதே ஆலையில் பத்தொன்பது வருஷம். விலகிய காரணம்: முதலாளியுடன் கருத்து வேறுபாடு.

அந்த முதலாளி அவள்தான். ஒரேல் அவளுடைய முன்னாள் கணவன்.

"வேண்டாம்னு எழுதிடு!"

"தகுதி எல்லாம் இருக்கே மேடம். வேண்டாம்னா தக்க காரணம் சொல்லணும். அதிகாரி கேப்பாங்க."

"காரணம்தானே? விவாகரத்துப் பத்திரத்தை ஒரு நகல் எடுத்து இணைச்சுடு."

ஜிசேல் அதற்கு மேல் அடக்க முடியாமல் மேஜையில் சாய்ந்து சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் ஒடெட் கூப்பிட்டனுப்பினாள். மறுநாள் நேர்காணலுக்கு ஒரேல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். முன்னறையில் வரிசையாக ஆள் இருப்பதுபோல் மரியாதையாகக் காத்திருந்து, கூப்பிட்ட பிறகே உள்ளே வந்து உட்கார்ந்தான். ஒடெட் கேள்வித்தாளைப் பார்த்தே கேட்டாள்.

"எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்க்கணும். முடியுமா?"

"நம்ம கல்யாணத்துல உங்கக்கா பேசினப்ப நான் நிக்கலையா? இதென்ன பெரிய விஷயம்."

"ஒழுங்கா பதில் சொல்லு ஒரேல். எதுக்கு இந்த வேலை உனக்கு?"

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "படகை வித்துட்டேன். வீட்ல டிவிகிட்டதான் பேசிட்டிருக்கேன். அது திருப்பி ஒரு வார்த்தை பேசுதா? இங்க வந்தா நீயாவது திட்டுவே."

ஒடெட் பேனாவை மூடினாள். கொப்பரையில் நண்டு வெந்துவிட்டதா என்பதை ஆவியின் வாசனையிலேயே சொல்லிவிடுவான் ஒரேல். அந்தப் பக்கத்தில் அப்படி இன்னொருவன் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன் அவன் விலகிப்போனதும் ஐந்து கொப்பரை நண்டு குழைந்து குப்பைக்குப் போனது அவளுக்கு மறக்கவில்லை. கோபம் கோபம்தான், ஆனால் நண்டு நண்டாச்சே.

"திட்டுறதுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி வா."

ஒரேல் எழுந்தபோது நாற்காலி தட்டி விழுந்தது. அதைத் தூக்கி வைத்துவிட்டு, "நன்றி மேடம்" என்றான். அங்கே வேலை பார்த்த பத்தொன்பது வருஷத்திலும் அவன் வாயிலிருந்து வராத 'மேடம்' அது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் அரசாங்க அதிகாரியம்மாள் தொலைபேசியில் வந்தாள். முக்கால் மணி நேரம் துருவித் துருவிக் கேட்டாள். தங்கும் வீட்டில் கணப்பு இருக்கிறதா, சம்பளம் உள்ளூர்க்காரர்களுக்குச் சமமா, எல்லாம்.

"கனடாக்காரங்க யாராவது விண்ணப்பிச்சாங்களா?"

"ஒருத்தர் வந்தாரு. எடுத்துக்கிட்டேன். எனக்கு இப்ப பதினாலு பேர் போதும்."

"உங்களுக்கு உறவா அவர்?"

எதிரே ஜிசேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உறவா இருந்தவரு. என் முன்னாள் புருஷன்."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "உள்ளூர் ஆளுக்கு உண்மையா வாய்ப்புக் கொடுத்தீங்களான்னு இன்னும் நாலு கேள்வி வச்சிருந்தேன் மேடம். அதெல்லாம் இனி தேவையில்லைன்னு நினைக்கிறேன்."

பன்னிரண்டு நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. பதினாலு பேருக்கும். ஜிசேல் ஆலை முழுக்கக் கேட்கும்படி விசிலடித்தாள். ஒடெட் அன்று ஒரு பெரிய பானை ஃப்ரிகோ, அதாவது அந்த ஊர்க் கோழிச் சூப்பு, வைத்து எல்லோருக்கும் ஊற்றினாள். விஷயம் கேள்விப்பட்டு ஒரேலும் கிண்ணத்தோடு வந்து நின்றான். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒடெட் அவனுக்கும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

ஏப்ரலில் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தரையில் இன்னும் பனி கிடந்தது. ஆறாவது வருஷமாக வருகிற மாரிசோல் ஒடெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு, பெண்களின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தங்கும் வீட்டுக்குள் போகிற ஒரேலைக் காட்டி, "யாரு இவரு, புதுசா இருக்காரு?" என்று கேட்டாள்.

"இந்த வருஷம் சேர்ந்த ஆளு" என்றாள் ஒடெட். "வேலை தெரியும். பேச்சுக் கொஞ்சம் அதிகம். நீங்களே பார்த்துக்கங்க."