நனைக்காத கல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் போன வேலைகள் உண்டு. வந்தது ஒன்றே ஒன்று.

பதினாலு வருடம் சித்தாள். கலவை சுமந்து உச்சந்தலை முடி தேய்ந்ததுதான் மிச்சம். கொத்தனார் கரண்டி பிடிக்க வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. கொத்தனார்கள் டீ குடிக்கப் போனதும் நாலு கல்லை வைத்துப் பார்த்து, அவர்கள் திரும்புவதற்குள் பிரித்துவிடுவேன்.

2005இல் உத்தமபாளையத்தில் அம்சத் பீவி தன் வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட ஆரம்பித்தார். செங்கல் வேண்டாம், ஹாலோபிளாக் சிமெண்ட் கல் போதும் என்றார். எங்கள் கொத்தனார் சின்னக்கருப்புக்குச் செங்கல்தான் பழக்கம். செங்கல்லை நனைக்காமல் வைத்தால் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். அதே நினைப்பில், "ஏத்தா சங்கிலி, கல்லையெல்லாம் தொட்டியில முக்கு" என்றார்.

"இத நனைக்கக் கூடாதுண்ணே. காயிறப்ப சுருங்கி, சுவரு வெடிச்சிரும். ஆண்டிபட்டியில இந்தக் கல்லு வார்க்குற பட்டறையில மூணு வருசம் கெடந்தவ நான்."

"கொத்தனாரு நீயா, நானா?"

"மேக்குச் சுவர என்கிட்டக் குடுங்க, காமிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வையி. விரிசல் விட்டுச்சுன்னா இனி என் சைட்டுப் பக்கமே வரக் கூடாது."

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்சத் பீவி, "அவளும் வைக்கட்டுமே. பூசுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுரும்ல" என்றார்.

சின்னக்கருப்பு கிழக்குச் சுவரை நனைந்த கல்லில் எழுப்பினார். நான் மேற்கே, காய்ந்த கல்லில். ஒரு மாதம் காய விட்டோம்.

பூச்சு வேலைக்கு வந்த அன்று, அவர் தூக்குக்குண்டை முதலில் என் சுவரில்தான் விட்டார். "அரை இஞ்சு சாஞ்சிருக்கு" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு இணைப்பு இணைப்பாக விரல் வைத்து விரிசல் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிழக்கே திரும்பினார். அவர் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் படிப்படியாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

"சாஞ்சத பூச்சுல சரி பண்ணிக்கிரலாம்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். தன் சுவரைத் தானே இடித்தார்.

மறுநாள் வழக்கம்போலக் கலவைச் சட்டியோடு மாடி ஏறினேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஒரு கரண்டியை என் கையில் திணித்தார். பிறகு கீழே நின்ற இன்னொரு சித்தாளை எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏத்தா மொக்கம்மா, கொத்தனாருக்குக் கலவ கொண்டா!"

அவருக்குத்தான் என்று நான் நினைத்தேன். மொக்கம்மாள் ஏறி வந்து, சிரித்துக்கொண்டே என் காலடியில் சட்டியை இறக்கினாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலவையைக் கிளறினேன்.

"கெட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி சேத்துக் கொண்டா" என்று அதட்டினேன்.