வாகீசனின் செருப்பு

பேசத் தொடங்கினால் வாகீசன் தரையிலிருந்து எழும்பிவிடுவார். இயக்கத்தின் அரசியல்துறைப் பொறுப்பாளராக மன்னாரில் இருந்த ஏழு வருடமும் சனம் இதைப் பார்த்தது. பொறுப்பாளர் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேசினால் ஒரு அடி உயரம். பாதி வகுப்பு அவர் பின்னாலேயே இயக்கத்துக்குப் புறப்பட்டுவிடும். செத்தவீட்டுக்குச் சவப்பெட்டியோடு போய், பிள்ளை எப்படி வீரமாய் விழுந்தான் என்று விளக்கும்போது இரண்டு அடி. சண்டைக்கு மட்டும் அவர் போனதில்லை, பேசுவதற்கு ஆள் வேண்டுமே. ஏழு வருடமும் ஒரே சோடிச் செருப்பு, தேயவேயில்லை. என்ன எளிமை என்று புகழ்ந்தார்கள். அதே செருப்போடுதான் கனடாவுக்கும் வந்தார்.

ஸ்காபரோவில் அவருக்குக் கிடைத்தது ஸ்ரீஸ்கந்தராசா வீட்டு பேஸ்மென்ற், தாழ்வான கூரை. தொலைபேசியில் பழைய வீரக்கதை அளந்தால்கூடத் தலை இடிக்கும். "அண்ணை, கதைக்கிறதெண்டா வெளியில பார்க்குக்குப் போங்கோ, சீலிங் உடையுது" என்று மேலிருந்து குரல் வரும். அவரும் பனியில் தொப்பி போட்டுக்கொண்டு போவார்.

போன ஜூனில் ஒஷாவாவிலிருந்து றீற்றா வந்தாள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அவள் தம்பி பஸ்ரியனின் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் வாகீசன்தான். அம்மாவின் கடைசி ஆசைப்படி, தம்பியின் கல்லறைக்கு மாபிள் கல் பதிக்க அடுத்த கிழமை ஊருக்குப் போகவிருந்தாள்.

"பெட்டியைத் திறக்கக்கூடாது எண்டு சொன்னது நீங்கள்தான் அண்ணை. உள்ளுக்கு என்ர தம்பி இருந்தவனோ?"

"பஸ்ரியன் கடைசி மூச்சுவரைக்கும்..." என்று தொடங்கிய வாகீசனின் தலை சீலிங்கில் போய் இடித்தது.

றீற்றா அண்ணாந்து பார்த்தாள். "இறங்குங்கோ அண்ணை. எனக்குக் கழுத்து நோகுது."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பயமாகவும் இருந்தது, ஐம்பத்தொன்பது வயதில் விழுந்தால் எலும்பு பொருந்தாது.

"வாழைக்குற்றி," என்றார். அரை அடி இறங்கினார். "உடம்பு எடுக்கேலாமப் போச்சு. பாரத்துக்கு வாழைக்குற்றி வைக்கச் சொன்னது நான்தான். அவனைப் பள்ளிக்கூடத்தில இருந்து கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்." கால் கம்பளத்தில் பட்டது.

றீற்றா அழுதாள். வாழைக்குற்றிக்கா என்ர அம்மா இத்தனை வருடம் மெழுகுதிரி கொளுத்தினவ என்று திட்டினாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாபிளில பேரை மட்டும் போடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு மிசிசாகாவிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள், ஆளுக்கொரு பெட்டியைப் பற்றிக் கேட்க. வாகீசன் அவர்களுக்குக் கதிரை போட்டு, தான் நின்றபடி பதில் சொல்கிறார். ஸ்ரீஸ்கந்தராசா சீலிங்குக்குப் பெயின்ற் அடித்துவிட்டார். கார்த்திகை பிறக்குமுன் அந்தச் செருப்பு தேய்ந்து ஓட்டை விழுந்தது. வாகீசன் பிளாசாவுக்குப் போய், நல்ல தடித்த அடியுள்ளதாக ஒரு சோடி கேட்டு வாங்கினார்.