தாயார் போர்வை

இலஞ்சி ஞானசம்பந்தம் பிள்ளைக்குத் தம் தாயார் மீது இருந்த பக்தி, தாயார் காலமான பிறகே ஊருக்குத் தெரிய வந்தது. அதற்கு முன்பு அவருக்குச் சமயம் வாய்க்கவில்லை.

அந்த வருஷம் சாரலுக்கு அவருடைய குற்றாலம் பங்களாவில் ஒரு டிப்டி கலெக்டர் தங்க வருவதாக இருந்தது. பிள்ளை அம்மாவின் சேலைப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தென்காசியில் சைதூன் பீவி வீட்டில் இறக்கினார். பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்துக் கொடுப்பது பீவியின் பிழைப்பு.

"மேல பட்டு தெரியணும் பீவி. நூல் சீலையெல்லாம் உள்ள வச்சு மூடிரு."

"கட்டுனது பூரா நூல் சீலைதான் போல அண்ணாச்சி. பட்டு மடிப்புக் கலையாம இருக்கு."

"அதான், மேல இருக்கட்டுங்கேன்."

பீவி சேலைகளை அடுக்கி மூன்று பக்கம் ஓரம் பிடித்திருந்தாள். குறுக்குத் தையல் ஓட்டவில்லை. அப்போது உலகம்மாள் வந்தாள். பிள்ளையின் தங்கை; தென்காசியிலேயே வாழ்க்கைப்பட்டவள்; நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டில் அழைத்துப் போக வேண்டும். சாரல் முடிந்துதான் கை ஒழியும் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். வயிற்றில் இருந்ததற்கு டிப்டி கலெக்டரின் வரவு தெரியாது.

"பொறக்குததைப் பழஞ்சீலையிலதான ஏந்துவாவ. எங்கம்மை சீலை ஒண்ணு வேணும்க்கா. அண்ணன்ட்ட கேட்டேன். பெட்டியோட குடுத்தாச்சுன்னுட்டாவ."

"ஒண்ணை உருவுனா கனம் கொறைஞ்சிரும் தாயி. உங்கண்ணன் தடவிப் பாக்குற ஆளு. வெளிய தெரிஞ்சா பொறவு யாரு எங்கிட்ட துணி தருவா?"

உலகம்மாள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில், துவைத்துத் துவைத்து நைந்த தன் சேலை ஒன்று இருந்தது. பீவி அதை வாங்கிக் கையில் ஏந்திக் கனம் பார்த்தாள். பிறகு அடுக்கைத் தூக்கி, முந்தியில் அடுப்படிக் கரிக்கறை போகாத சிவப்புக் கட்டச் சேலையை உருவிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலகம்மாளின் சேலையைச் செருகினாள். உலகம்மாள் அதில் முகத்தைப் புதைத்தாள். பீவிக்கு ஊசியில் நூல் கோக்க வெகுநேரம் ஆயிற்று.

குற்றாலத்தில் பிள்ளை விருந்தாளி முன்னால் போர்வையை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"எங்க தாயார் வாசம் சார். எத்தனை சீலைக்குள்ள கெடந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

டிப்டி கலெக்டரும் மூக்கை உறிஞ்சினார். முந்தின நாள் அருவியில் அதிக நேரம் நின்றுவிட்டார்.

உலகம்மாளுக்குப் புருஷன் வீட்டிலேயே பெண் பிறந்தது. சாரல் ஓய்ந்ததும் அண்ணன் வெள்ளி அரைஞாணோடு வந்தார். குழந்தைக்கு அடியில் கிடந்த சிவப்புக் கட்டத் துணியின் முந்தியை இரண்டு விரலால் தூக்கினார்.

"என்னட்டி, நம்ம வீட்டுப் பேத்தியை இந்தக் கந்தல்லயா போட்டிருக்க? நாலு பேரு வந்தா என்ன நெனைப்பாவ?"

உலகம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அந்தத் துணியை இன்னும் சற்றுப் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு அவர் விரலிலிருந்து முந்தியை விடுவித்துக் குழந்தையின் காலை மூடினாள்.

"பிள்ளை ஒறங்குது அண்ணே. வெளிய இருந்து பேசுவோம்."